எறும்பு ஏறாத டிரம்

ரொட்டியின் மேல் முட்டையை வைத்து, மிளகுத்தூள் தூவி, முதல் கடிக்கு வாயைத் திறக்கிற நேரமாகப் பார்த்தா ஒருவர் வந்து சாக்கடையைச் சாப்பாட்டு மேசையில் வைப்பார்? வைத்தார். மாப்பிள்ளையின் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் மூக்குச்சளி போல ஏதோ ஒன்று, பழுப்பும் பச்சையுமாய். புட்டியை வைத்த அதிர்வில் அது மெல்லப் புரண்டு படுத்தது. மாப்பிள்ளை திறந்த வாயை மூடிக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார். அன்றைக்கு அவருடைய சாப்பாடு அத்தோடு சரி.

"இது எங்க ஆண்கள் பகுதிக் குழாயில வந்தது அம்மா. எங்க அப்பா இதைத்தான் குடிச்சிட்டு இருந்திருக்கார்," என்றார் புட்டியைக் கொண்டுவந்த பெண்.

"உட்காருங்க," என்றார் மாப்பிள்ளையின் மாமியார். பிறகு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பார்ப்பது மாதிரி. "மாப்பிள்ளை, ஜன்னலைத் திறங்க. முகம் வெளுத்துட்டு வருது உங்களுக்கு."

மாமியார் குடிநீரையும் உணவையும் சோதிக்கும் சுகாதார ஆய்வாளராகக் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் இன்ஸ்பெக்டரம்மா. ஓய்வு பெற்றபின்னும் நாற்றமடிக்கிற சங்கதி எதுவாக இருந்தாலும் ஜனங்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையோ சோப்புக் கம்பெனியில் வாசனை பார்க்கும் வேலையில் இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள், மூக்கை மூட முடியவில்லை. மனைவி காலையில் வேலைக்குக் கிளம்பியதும் இவர் மாமியாருக்குக் கார் ஓட்டி, மோப்பம் பிடித்து, முந்திரிக்கொட்டையாய் ஒரு முடிவும் சொல்லிவிடுவார். மூக்கு அத்தனை கூர்மை என்றால் வயிறு அத்தனை பலவீனம். இதுதான் அந்தத் தொழிலில் அவருக்கு இருந்த ஒரே சங்கடம்.

வந்தவர் ஒரு முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸ். வெள்ளைச் சீருடையின் நெஞ்சில் ஒரு சிறு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருந்தார். அவருடைய அப்பாவும் அதே இல்லத்தில்தான் இருந்தார்.

"எங்க டாக்டர் ஒரு மெஷின் கொண்டுவந்தார். தண்ணித் தொட்டியைச் சுத்திக் கம்பிச் சுருள். கரண்ட் விட்டா மின்காந்தப் புலம் உண்டாகுமாம், அதுக்குள்ள கிருமி வளராதாம். இனிமே குளோரினே வேண்டாம்னார். நான் லேசில ஒத்துக்கல அம்மா. கண்ணால பார்க்கணும்னு நின்னேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அதான் வினை. பம்ப் அறையில ரெண்டு டிரம் வச்சோம். நானே தேய்ச்சுக் கழுவினேன். வழக்கமா எல்லாரும் குடிக்கிற தண்ணியை ஒரே குழாயில ரெண்டுக்கும் பிடிச்சேன். மூடிக்கு மெழுகு முத்திரையும் நான்தான். எந்த டிரம்முக்குச் சுருள் மாட்டுறதுன்னு நானே சீட்டுக் குலுக்கிப் போட்டேன். ஒண்ணாம் நம்பர் வெறும் டிரம், ரெண்டாம் நம்பருக்குச் சுருள். அறைச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கல. ஒரு மாசம் கழிச்சுத் திறந்தா வெறும் டிரம்ல கொழகொழன்னு கிருமி. சுருள் மாட்டின டிரம்ல கண்ணாடி மாதிரி தண்ணி!"

நர்ஸ் மூச்சு விட்டுக்கொண்டார். "நான் வாயடைச்சுப் போயிட்டேன். ஆண்கள் பகுதித் தொட்டிக்கு மெஷினை மாட்டிக் குளோரினை நிறுத்தினாங்க. இப்போ அங்க பாதிப் பேர் வாந்தி, பேதின்னு கட்டிலோட கிடக்கிறாங்க. எங்க அப்பாவுக்குத்தான் ரொம்ப முடியல. டாக்டர் என்னடான்னா, சமையல்காரர் கை சுத்தமில்லைங்கிறார்."

"பெண்கள் பகுதிக்கு வேற சமையலா?"

"ஒரே அடுப்பு. அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. அங்க இன்னும் குளோரின் போடுறோம்."

"அப்ப சமையல்காரர் மேல தப்பில்லைன்னு பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே!" என்றார் மாப்பிள்ளை.

"கமிட்டிக்காரங்க அந்த ரெண்டு டிரம்மையும் கண்ணால பார்த்தவங்க சார். இன்னைக்குச் சாயங்காலம் கூடுறாங்க. சமையல்காரரை அனுப்பிட்டுப் பெண்கள் பகுதிக்கும் மெஷின் மாட்டக் கையெழுத்துப் போடப்போறாங்க. பொய்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? அந்த மெஷினுக்குப் பெரிய சாட்சியே என் முத்திரைதான்." அவர் நெஞ்சுக் கடிகாரத்தை நிமிர்த்தி நேரம் பார்த்தார். "அப்பா பிழைக்கணும் அம்மா. பெண்கள் பகுதியில நடமாட முடியாதவங்க இருக்காங்க. அவங்களுக்கும் இது வந்தா ஒருத்தரும் தாங்க மாட்டாங்க."

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து கையைக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கிளம்பிவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

*

இல்லத்தின் ஆண்கள் பகுதியில் நுழைந்ததுமே மாப்பிள்ளை கைக்குட்டையைத் தேடினார். பினாயில் வாடை மேலே. அதற்குக் கீழே, பினாயில் எவ்வளவு போட்டாலும் போகாத அந்த வாடை. நனைந்த படுக்கை விரிப்புகள் வாளியில் குவிந்து கிடந்தன. ஈக்கள் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு, பந்தியில் இலை மாறுகிற மாதிரி உல்லாசமாகப் போய்வந்தன. கரண்டியும் கையுமாகச் சமையல்காரர் வாசலில் வழிமறித்தார்.

"சோதனை போட வந்தீங்களா? வாங்க, என் அடுப்படியைப் பாருங்க, நகத்தைப் பாருங்க, வேணும்னா பல்லைக்கூடப் பாருங்க. என் கையால சாப்பிட்ட ஒருத்தருக்கு இதுவரைக்கும் ஏப்பம்கூடத் தப்பா வந்ததில்லை!"

"அப்புறம் பார்க்கிறேன். முதல்ல தொட்டி," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

தொட்டி மாடியில் இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புக் கம்பிச் சுருள் நெருக்கமாகச் சுற்றப்பட்டு, மெல்லிய ரீங்காரம் எழுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி. அதன் நெற்றியில் பித்தளைத் தகடு. தகட்டில், மெஷினுக்கே வைத்த பெயராக, டாக்டரின் பெயர். வானம் காலையிலிருந்தே மூடியிருந்தது, காற்றும் சில்லென்று வீசியது. இன்ஸ்பெக்டரம்மா தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு மாப்பிள்ளையின் கையையும் பிடித்து வைத்தார். தொட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

"ஞாபகம் வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு மூடியைத் தூக்கினார்.

மாப்பிள்ளை ஆர்வக்கோளாறில் எட்டிப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். தொட்டியின் உள்சுவர் முழுக்க வழுவழுவென்று ஒரு பழுப்புத் தோல் பிடித்திருந்தது. அதிலிருந்து நூல்நூலாகத் தொங்கியவை, தண்ணீர் அசைய அசைய, முடி பிரித்துவிட்டது போல் ஆடின. அதன் மேல் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து மிதந்தது. சேறும் அழுகிய பாசியும் கலந்த நெடி முகத்தில் அறைந்தது. மாப்பிள்ளை கைப்பிடிச் சுவருக்கு ஓடினார். காலையில் ஒன்றும் சாப்பிடாததால் வாந்திகூட ஒழுங்காக வரவில்லை. இதையா வயதானவர்கள் குடித்தார்கள்? இதிலா மாத்திரை விழுங்கினார்கள்? அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

கீழே, ஜன்னலோரக் கட்டிலில் நர்ஸின் அப்பா கிடந்தார். உதடு வெடித்து, கண்கள் உள்ளே போயிருந்தன. நர்ஸ் குனிந்து காய்ச்சி ஆறிய உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஒரு கரண்டி ஊட்டினார். பாதி வெளியே வழிந்தது.

"டிரிப்ஸ் ஏத்தலையா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"இருந்த ஒண்ணு ரெண்டு குளுக்கோஸ் பாட்டிலும் தீர்ந்துபோச்சு அம்மா. போன மாசம் யாருக்கும் அவ்வளவா ஏத்தவே இல்ல, எப்படித் தீர்ந்துச்சுன்னே புரியல. மருந்து அறை டாக்டர் பொறுப்பு. ஸ்டாக் இல்ல, வாய்வழியாவே கொடுங்கன்னுட்டார். நான் தாங்க முடியாம என் சொந்தப் பொறுப்புல வண்டியை அனுப்பியிருக்கேன். பெரிய கடைக்குப் போய்த் திரும்பச் சாயங்காலம் ஆகும்."

பக்கத்துக் கட்டில்காரர் முனக, நர்ஸ் அங்கே திரும்பினார். அவர் சர்க்கரை நோயாளி. நர்ஸ் சட்டைப் பையிலிருந்த டப்பாவிலிருந்து, சர்க்கரை ஏற ஏற நிறம் மாறுகிற ஒரு சிறு பட்டையை எடுத்து, கட்டிலுக்கடியில் இருந்த சிறுநீர்க் குவளையில் தோய்த்துப் பார்த்தார். பட்டையின் நீல முனை பச்சையானது. "சர்க்கரை இறங்கியிருக்கு தாத்தா, பயப்படாதீங்க," என்றார். மாப்பிள்ளை அதற்குள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். அந்த அறையில் முதல்முறையாக ஒரு நல்ல வாசனை! மாப்பிள்ளை தன்னை மறந்து மூச்சை இழுத்தார். எலுமிச்சை, விலையுயர்ந்த சரக்கு. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, மென்மையான குரல், வெட்டிச் சீராக்கிய நகம். இப்படிப்பட்ட சுத்தமான மனிதர் தப்புப் பண்ணியிருக்க முடியாது என்று மாப்பிள்ளையின் மூக்கு அந்த இடத்திலேயே தீர்ப்பெழுதிவிட்டது.

"இன்ஸ்பெக்டரம்மாவா? உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். வாங்க, டிரம்மைக் காட்டுறேன். கண்ணால பார்த்தா நீங்களே என் பக்கம் வந்துடுவீங்க."

*

பம்ப் அறையை நர்ஸ் தன் சாவியால் திறந்தார். சுருள் சுற்றிய மெஷின்காரரும் கூட வந்தார். அவர் மோட்டாருக்குச் சுருள் சுற்றிப் பிழைப்பவர். டாக்டர் வரைந்து கொடுத்தபடி செய்து கொடுத்திருந்தார். உலகத்தையே மாற்றப்போகிற பொருள் தன் கையால் உருவானதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு டிரம்களும் அருகருகே இருந்தன. மூடியில் கட்டைவிரல் அளவு துளை, அதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் வலைத்துணி. ஒன்றாம் நம்பர் டிரம்மின் மூடி மேல் எறும்புகள் சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தன. வலைத்துணியில் செத்த எறும்புகள் கறுப்பாக அப்பியிருந்தன. இரண்டாம் நம்பர் பக்கம் ஓர் எறும்பு இல்லை.

"பாருங்க அம்மா, பாருங்க!" என்றார் மெஷின்காரர். "கிருமியை விடுங்க, எறும்புகூட அந்தப் புலத்துக்குள்ள காலை வைக்க மாட்டேங்குது!"

"அதிசயம்தான்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மாப்பிள்ளை, ஒண்ணாம் நம்பரை மோந்து பாருங்க."

பெண் எடுத்த வீட்டில் மறுத்துப் பேச முடியுமா? மாப்பிள்ளை மூடியைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். குமட்டியது, ஆனால் மாடியில் குமட்டிய மாதிரி இல்லை. சேற்று வாடையே கிடையாது. மூடி வைத்து மறந்துபோன பழச்சாறு மாதிரி ஒரு புளித்த நெடி. கண்ணைத் திறந்து பார்த்தால், வெள்ளை வெள்ளையாக ஒரு கூழ்; அதில் எறும்புப் பிணங்கள், பொங்கலில் மிளகு மாதிரி. இனி மிளகும் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நம்பரில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அதன் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டியின் வயர் சுவரிலிருந்த பலகைக்குப் போயிற்று. அதே பலகையிலிருந்து ஒரு பழைய கடிகாரத்துக்கும் வயர் போயிற்று. கரண்டில் ஓடி, மாதத்தோடு நாளுக்கொரு தேதியைப் புரட்டிக் காட்டுகிற ரகம். அது நின்றுபோயிருந்தது. காட்டிய தேதி, போன மாதம் மூன்று.

"சோதனையை எப்ப ஆரம்பிச்சீங்க சிஸ்டர்?"

"போன மாசம் ஒண்ணாம் தேதி."

"முடிச்சது?"

"கடைசித் தேதி. அன்னையிலிருந்து அறை பூட்டியே இருக்கு. கடிகாரமா? அதை யார் பார்த்தா? எனக்கு நேரம் நெஞ்சிலேயே இருக்கே."

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணையவில்லை. திரும்பச் செருகினார். 

"சோதனை நடக்கும்போது இங்க யார் யார் வந்தாங்க?"

"நானும் டாக்டரும்தான், வாரத்துக்கொரு தடவை. நான் வாசலை விட்டு நகரல. டாக்டர் அந்தத் துளை வழியா ஊசியில மாதிரி எடுப்பார். எடுத்த அளவுக்கு சுத்திகரிச்ச தண்ணியைத் திரும்ப ஊத்துவார், ரெண்டுலயும் மட்டம் சமமா இருக்கணுமே. ஒரு டிரம் கிருமி இன்னொண்ணுக்குத் தொத்தக் கூடாதுன்னு டிரம்முக்கொரு பாட்டில்." நர்ஸ் அலமாரியைக் காட்டினார். டிரிப்ஸ் பாட்டில் இரண்டு, ஒன்று, இரண்டு என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியபடி இருந்தன. இரண்டிலும் அடியில் கொஞ்சம் மிச்சம்.

"இந்தக் குப்பையை இன்னுமா வச்சிருக்கீங்க சிஸ்டர்?" என்று டாக்டர் சிரித்தார். "போன வாரமே தூக்கிப் போடுறேன்னேனே."

"சோதனையில தொட்ட எதுவும், கமிட்டி முடிவு பண்ற வரைக்கும் இந்தக் கதவைத் தாண்டாது டாக்டர்."

"நல்ல பழக்கம்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையால் அடக்க முடியவில்லை. "அத்தை, கண்டுபிடிச்சிட்டேன். அந்த மெஷின்காரன்தான்! சுத்தமான டிரம்ல ஏதோ மருந்தை ஒளிச்சு வச்சிருக்கான். எறும்பு மருந்தும் அதுலயே அடங்கியிருக்கும்."

"டிரம்மைக் கழுவினது நர்ஸ். சீட்டுக் குலுக்கினதும் நர்ஸ். எதுக்குச் சுருள் விழும்னு தெரியாம எதுல ஒளிப்பான்? சுருள் மாட்டும்போதே மூடிக்கு முத்திரை விழுந்தாச்சு, அப்புறம் அவன் உள்ளேயே வரலையே."

"அப்ப நிஜமாவே அந்தப் புலம் வேலை செய்யுதா?"

"வந்ததிலிருந்து எல்லாரும் ஒரே டிரம்மைப் பார்த்து வாயைப் பிளக்கிறீங்க மாப்பிள்ளை. இன்னொண்ணைப் பாருங்க."

*

சாயங்காலம் சாப்பாட்டு அறையில் கமிட்டி கூடியது. தலைவி துணிக்கடை நடத்துகிற கண்டிப்பான பெண்மணி; மற்ற இருவரும் அவர் தலையாட்டும்போது தலையாட்டுகிறவர்கள். டாக்டர், மெஷின்காரர், நர்ஸ், கைகட்டி நின்ற சமையல்காரர். இன்ஸ்பெக்டரம்மா, நர்ஸின் அனுமதியோடு, இரண்டு பாட்டில்களையும் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மின்காந்தப் புலத்தால கிருமிக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொல்ல வரல," என்று ஆரம்பித்தார். "ஆராய்ச்சிக்காரங்க உண்மையாவே பார்த்திட்டு இருக்காங்க. சில கிருமி குறையுது, சிலது கூடுது, சிலது கண்டுக்கவே இல்ல. புலத்தோட பலம், வேகம், நேரம், எல்லாத்தையும் பொறுத்தது. அதனால எனக்கு அந்த மெஷின் மேல கோபம் இல்ல. ஆனா உங்க பம்ப் அறையில புலமே இல்ல."

"என்ன உளறல் இது?" என்றார் டாக்டர், மென்மையாகவே.

"கடிகாரமும் மெஷினும் ஒரே பலகை. போன மாசம் மூணாம் தேதி ஃபியூஸ் போய்ப் பலகை செத்துப்போச்சு, கடிகாரம் நின்னுடுச்சு. கரண்ட் திரும்பி வந்திருந்தா கடிகாரமும் ஓடியிருக்கும், தேதியும் புரண்டிருக்கும். ஆக, மாசம் பூரா அந்தச் சுருள் வெறும் கம்பி."

"விளக்கு எரிஞ்சதே!" என்றார் தலைவி.

"பிளக்கைப் பிடுங்கினாலும் எரியுது. அதுக்கு உள்ளேயே பேட்டரி. இல்லையா?"

மெஷின்காரர் டாக்டரை ஒரு தரம் பார்த்தார். "ஆமாங்க. விளக்கு எப்பவும் பளிச்சுன்னு தெரியணும்னு டாக்டர்தான் சொன்னார்."

"அதனால டாக்டருக்கும் ஃபியூஸ் போனது தெரியாது. சரி, கரண்டே இல்லாம ரெண்டாம் நம்பர் ஏன் சுத்தமா இருந்தது? அதுல ஆச்சரியமே இல்ல. குளோரின் போட்ட நல்ல தண்ணி, கழுவின டிரம், மூடின இருட்டு. கிருமிக்குத் திங்க ஒண்ணும் கிடையாது. பட்டினி கிடந்தா எதுவும் கொழுக்காது. ரெண்டு டிரம்மும் அப்படித்தான் இருந்திருக்கணும். நாம கேட்க வேண்டியது, ரெண்டாவது ஏன் சுத்தம்னு இல்ல. முதலாவது ஏன் நாறிச்சு?"

தலைவி இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எறும்பு ரெண்டாவதை விட்டு ஓடல. முதலாவதைத் தேடி வந்தது. மாப்பிள்ளை, அது என்ன வாடை?"

"புளிச்ச பழச்சாறு அத்தை. மாடித் தொட்டியில சேத்து நாத்தம். இதுல இனிப்பு புளிச்ச நாத்தம்." சொல்லும்போதே மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. "சர்க்கரை! அத்தை, சர்க்கரை! சமையல்..." என்று திரும்பியவர், சமையல்காரரின் கரண்டியைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"சமையல்காரர்கிட்ட சாவி இல்ல. அறை திறந்ததெல்லாம் மாதிரி எடுக்க மட்டும்தான். அப்ப டிரம்முக்குள்ள போன ஒரே பொருள் இந்த ரெண்டு பாட்டில்ல இருந்தது. ஒரு சொட்டு ரெண்டு சொட்டு மூடியில சிந்தியிருக்கு, அதுதான் எறும்புக்கு அழைப்பு."

டாக்டர் ஒன்றாம் நம்பர் பாட்டிலின் ஸ்டிக்கரைத் தானே உரித்தார். அடியில் லேபிள் இல்லை. பழைய பசைத் தழும்பு மட்டும். "சுத்திகரிச்ச தண்ணி அம்மா. மருந்துக் கடையில கிடைக்கிறது. வாய் இருக்குன்னு எதையும் சொல்லிடலாமா?"

மாப்பிள்ளை பாட்டிலைப் பார்த்தார். அடியில் இருந்த மிச்சத்தில் பஞ்சுபோல ஏதோ மிதந்தது. அவருடைய வயிறு வேண்டாம் என்று கெஞ்சியது. ஆனாலும் மனிதர் பாட்டிலைப் பாய்ந்து எடுத்து நாக்கை நீட்டிவிட்டார். இன்ஸ்பெக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வீரத்தை வீட்டுல வச்சுக்குங்க மாப்பிள்ளை. என் பொண்ணுக்கு நான்தான் பதில் சொல்லணும். சிஸ்டர், உங்க பையில இருக்கிற டப்பாவை எடுங்க."

நர்ஸ் பட்டையை எடுத்தார்.  இரண்டாம் நம்பர் பாட்டிலில் தோய்த்தார். நீல முனை நீலமாகவே இருந்தது. இன்னொரு பட்டையை ஒன்றாம் நம்பரில் தோய்த்தார். முனை பச்சையாகி, கரும்பச்சையாகி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாயிற்று.

"குளுக்கோஸ்," என்றார் நர்ஸ்.

"மெஷின் நிஜமாவே வேலை செய்யும்!" டாக்டரின் குரலில் மென்மை போயிருந்தது. "முதல் வாரம் ரெண்டு டிரம்மும் ஒரே மாதிரி இருந்தது. கிருமியே வரலைன்னா அதை அடக்கினதை எப்படிக் காட்டுறது? எதிரி இல்லாம சண்டை காட்ட முடியுமா? நான் எதிரியை வரவழைச்சேன், அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டுலயும் ஊத்தியிருக்கலாமே டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

டாக்டர் உரித்த ஸ்டிக்கரை விரலில் சுருட்டத் தொடங்கினார்.

"மாடியில புலம் இருக்கு, கரண்ட் போகுது. புலம் அங்க என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா சுருள் சூடாகுது, தொட்டியைத் தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுன்னு இருக்கு. குளோரினும் இல்ல, குளிருக்குக் கம்பளியும் போர்த்தின மாதிரி. அந்தக் கிருமிக்கு அதைவிடச் சுகம் எங்க கிடைக்கும்? பித்தளைத் தகட்டுல உங்க பேர் வரணும்னு, மனுஷனைச் சோதனை டிரம் ஆக்கிட்டீங்க."

மெஷின்காரர் பேயறைந்தவர்போல் நின்றார். தலைவி கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடினார். "மாடியில அந்தச் சனியனைக் கழட்டுங்க. தொட்டியை இன்னைக்கே தேய்ச்சுக் கழுவி, குளோரினைப் போடுங்க. டாக்டர், நீங்க இருங்க. உங்ககிட்டப் பேச வேண்டியவங்களுக்குச் சொல்லி அனுப்பணும்."

டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அந்த எலுமிச்சை வாசனை மேசை முழுக்கப் பரவியது. காலையிலிருந்து சளித் தண்ணீர், வாளி, கரப்பான், எறும்புக் கூழ் எல்லாவற்றையும் தாங்கிய மாப்பிள்ளைக்கு, அந்த வாசனைதான் தாங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் முகர்ந்ததில் ஆக அருவருப்பானது அதுதான்.

நர்ஸ் மட்டும் இன்னும் பழுப்புப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாலு நாளா உங்ககிட்ட ஒரே ஒரு பாட்டில் கேட்டேன் டாக்டர்," என்றார், சத்தம் போடாமல். "எங்க அப்பாவுக்கு ஏத்த ஒரு பாட்டில். ஸ்டாக் இல்லைன்னீங்க. அதைக் கிருமிக்கு ஊட்டிவிட்டீங்களே. நானும் பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்திருக்கேனே."

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நர்ஸுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

டிரைவர் கொண்டுவந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையே ஆண்கள் பகுதிக்கு ஓடினார். வாடையெல்லாம் அவருக்கு அப்போது தெரியவில்லை. பெரியவரின் கண்கள் பாதி மூடியிருந்தன. மகள் பக்கத்தில் வந்ததும் உதடு அசைந்தது.

"தண்ணியாம்மா? காய்ச்சினதுதானே?"

"தண்ணி இல்லப்பா. மருந்து. நானே போடுறேன், கையைக் கொடுங்க."

நர்ஸ் பெட்டியைப் பிரித்து ஒரு குளுக்கோஸ் பாட்டிலை எடுத்தார். லேபிளைப் படித்தார். விளக்கடியில் கொண்டுபோய் இன்னொரு தரம் படித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மாதிரி எத்தனையோ பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியவர்தான் அவர். இப்போது அதை ஸ்டாண்டில் மாட்டுவதற்கு முன், லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.